முட்டுக் கம்பு

2018-ம் வருடம், செப்டம்பர் 21. இந்தியப் பெருங்கடலின் தென்கோடி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் அங்கிருந்து சுமார் 1,900 கடல் மைல் தள்ளி இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர், தண்ணீர், தண்ணீர் மட்டும்தான். கப்பல்கூட அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

அந்த இடத்தில் அன்றைக்கு ஒரு புயல். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. நாலு மாடி உயரத்துக்கு அலை. நடுவில் 32 அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகு. பெயர் துரியா. அதில் ஒரே ஒரு மனிதர். நம் இந்தியக் கடற்படையின் கமாண்டர் அபிலாஷ் டோமி. அலை அந்தப் படகை அப்படியே உருட்டிப் போட்டது. பாய்மரங்கள் முறிந்தன. டோமியின் முதுகெலும்பு நொறுங்கியது. எழுந்து நிற்க முடியவில்லை. தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. செயற்கைக்கோள் வழியாக ஒரு சின்னச் செய்தி மட்டும் அனுப்ப முடிந்தது.

அதே புயலில், சுமார் 90 கடல் மைல் தள்ளி இன்னொரு படகும் மாட்டிக்கொண்டிருந்தது. அதிலும் ஒரே ஒருத்தர்தான். அயர்லாந்துக்காரர் கிரெகர் மெகுக்கின். அவருடைய பாய்மரங்களும் போய்விட்டன. இன்ஜினும் ஓடவில்லை, டீசல் கெட்டுப்போய்விட்டது. ஆனால் உடம்பில் பெரிய அடி இல்லை. டோமிக்கு ஆபத்து என்று தெரிந்ததும் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? படகில் மிச்சம் கிடந்த ஒரு கம்பை எடுத்தார். அதை நட்டு வைத்துக் கட்டினார். அதில் ஒரு பாயை ஏற்றினார். டோமி கிடந்த திசையைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்!

அந்தக் கம்பு பாய்மரம் இல்லை. பாய்மரமாக இருப்பதற்காக அது செய்யப்படவும் இல்லை. அதற்கு 'ஸ்பின்னக்கர் கம்பு' என்று பெயர். இந்த வாரம் அந்தக் கம்பின் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

'ஒரு கம்புக்கு ஒரு கதையா?' என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் மொட்டை மாடிக்கு வாருங்கள்.

துணி காயப்போடும் கொடிக்கயிறு. ஈர வேட்டி, ஈரப் போர்வை என்று நாலு கனமான துணிகளைப் போட்டதும் கயிறு நடுவில் தொங்கி, துணி தரையைத் தொடப் பார்க்கும். உடனே பாட்டி என்ன செய்வார்? நுனியில் கவட்டை உள்ள ஒரு கம்பைக் கொண்டுவந்து கயிற்றுக்கு அடியில் முட்டுக் கொடுப்பார். அவ்வளவுதான், கயிறு நிமிர்ந்துவிடும். கம்பு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். தொங்கும் இடத்தைத் தள்ளிப் பிடிக்கிறது. அது மட்டும்தான் அதன் வேலை.

இதே வேலையைத்தான் கடலில் ஸ்பின்னக்கர் கம்பு செய்கிறது.

பாய்மரப் படகுக்குப் பின்னாலிருந்து காற்று அடித்தால் ரொம்ப சுகம் என்று நாம் நினைப்போம். உண்மையில் படகோட்டிக்கு அதுவும் ஒரு தலைவலிதான். பக்கவாட்டில் காற்று வந்தால் பாய் விறைப்பாக நிற்கும். நேர் பின்னால் வந்தால் நடுவிலுள்ள பெரிய பாய் காற்றை மறைத்துவிடும். முன்பக்கத்துப் பாய்க்குக் காற்று கிடைக்காமல் அது தொளதொளவென்று சரியும். திடீரென்று நிரம்பும். மறுபடி சரியும். ஒவ்வொரு தடவையும் 'படார்' என்று ஒரு அடி. படகும் குடிகாரன் மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். அந்தப் பாயின் மூலையை ஒரு கம்பால் வெளியே தள்ளிப் பிடித்தால்? பாய் விரிந்து நிற்கும். ஆட்டம் குறையும். வேகம் கூடும்.

கம்பின் ஒரு முனை பாய்மரத்தில். இன்னொரு முனை பாயின் மூலையில். நம்மூர்க் கடற்கரைகளில் பாயைத் தாங்கும் குறுக்குக் கழிக்குப் 'பருமல்' என்று பெயர் உண்டு. இது அது இல்லை. பருமலில் பாய் தொங்கும். இந்தக் கம்பு பாயை முட்டித் தள்ளும். நம்முடைய கதைக்கு இதை 'முட்டுக் கம்பு' என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த ஐடியா யாருக்கு முதலில் வந்தது? ஒருத்தரைக் கைகாட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே வைக்கிங்குகளிடம் இது இருந்தது. அவர்களுடைய பழைய மொழியில் இதற்கு 'பெய்தியாஸ்' என்று தனியாக ஒரு பெயரே இருக்கிறது. பாயின் கீழ் மூலையை வெளியே தள்ளி விறைப்பாக நிறுத்தும் கழி. பின்காற்றுக்கு மட்டும் இல்லை, காற்றைப் பக்கவாட்டில் வாங்கி ஓடவும் அது உதவியது.

1880-ல் நார்வே நாட்டில், கோக்ஸ்டாட் என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே ஒரு முழுக் கப்பல்! ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யாரோ ஒரு பெரிய மனிதரை அதற்குள் வைத்து அடக்கம் செய்திருந்தார்கள். அந்தக் கப்பலில், பாய்மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு ஓரத்திலும் குழி வெட்டிய கனமான மரக்கட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. எதற்கு? முட்டுக் கம்பின் அடியை ஊன்றத்தான் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. கம்பு மக்கிப் போனாலும் அது நின்ற குழி அப்படியே இருக்கிறது!

சரி, இந்த 'ஸ்பின்னக்கர்' என்ற விசித்திரமான பெயர் எங்கிருந்து வந்தது? அதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1860-கள். பணக்காரர்கள் படகுப் பந்தயத்தில் பைத்தியமாக இருந்த காலம். பின்காற்றில் ஓடும்போது யார் அதிகமாகத் துணியை விரிக்கிறார்களோ அவர்களே ராஜா. பெரிய பாய் ஒரு பக்கம் இருக்க, எதிர்ப்பக்கம் ஒரு நீளமான கம்பைக் கட்டி அதில் ராட்சச முக்கோணப் பாய் ஒன்றை விரிக்க ஆரம்பித்தார்கள். 'ஸ்ஃபிங்ஸ்' என்ற படகு அந்தப் பாயோடு வந்து எல்லோரையும் அசத்தியது. மாலுமிகளின் வாயில் ஸ்ஃபிங்ஸ் என்ற பெயர் நுழையவில்லை. 'ஸ்பிங்க்ஸ்' என்றார்கள். அதிலிருந்து 'ஸ்பின்னக்கர்' வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 1866 வாக்கிலேயே அந்த வார்த்தை அச்சில் வந்துவிட்டது. வேறு விளக்கங்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான்.

அப்புறம் பாய் வளர்ந்துகொண்டே போனது. 1937-ல் அமெரிக்கா கோப்பையை வென்ற 'ரேஞ்சர்' படகின் ஸ்பின்னக்கர் சுமார் 18,000 சதுர அடி என்பார்கள். ஆயிரம் சதுர அடி ஃப்ளாட் பதினெட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்பனை செய்து பாருங்கள். அத்தனையும் ஒரே துணி! அதன் மூலையைத் தள்ளிப் பிடிக்க ஒரு கம்பு. அந்தக் கம்பைக் கையாளவே ஒரு படை ஆட்கள் வேண்டும்.

ஆனால் நம்முடைய கதைக்குப் பணக்காரர்களின் பெரிய படகு முக்கியம் இல்லை. தனி ஆளின் சின்னப் படகுதான் முக்கியம்.

ஜோஷுவா ஸ்லோகம் என்று ஒரு கேப்டன். தனி ஆளாக உலகத்தைப் படகில் சுற்றி வந்த முதல் மனிதர். 1895 ஏப்ரலில் பாஸ்டனில் கிளம்பி 1898 ஜூனில் அமெரிக்காவுக்குத் திரும்பினார். சுமார் 46,000 மைல். படகின் பெயர் 'ஸ்ப்ரே'. நீளம் வெறும் 36 அடி 9 அங்குலம். இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதருக்கு நீச்சல் தெரியாது!

1896 ஜூலையில் அவர் பசிபிக் கடலிலுள்ள சமோவா தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே வைலிமா என்ற இடத்தில் ஒரு பெரிய வீடு. 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் வாழ்ந்த வீடு. ஸ்டீவன்சன் 1894 டிசம்பரிலேயே இறந்துபோயிருந்தார். அவர் மனைவி ஃபேனி ஸ்டீவன்சன்தான் ஸ்லோகமை வரவேற்றார். கணவரின் நூலகத்திலிருந்து கடல்வழிப் புத்தகங்களைக் கொடுத்தார். தோட்டத்தில் நெடுநெடுவென்று மூங்கில் வளர்ந்து நின்றது. வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

ஸ்லோகம் மூங்கில்களை வெட்டி எடுத்துப் போனார். அதில் ஒன்றைப் படகின் மூக்கில் நீளவாக்கில் கட்டி, அதன் நுனியில் கூடுதலாக ஒரு பாயை விரித்துக்கொண்டு ஊர் திரும்பினார். சரியாகச் சொன்னால் இது ஸ்பின்னக்கர் கம்பு இல்லை, முன்னால் நீட்டிய கம்பு. ஆனால் விஷயம் ஒன்றுதான்: பாயைப் படகுக்கு வெளியே தள்ளிப் பிடிக்க இலேசான, உறுதியான ஒரு கழி வேண்டும். கப்பல் கட்டும் தொழிலையே கரைத்துக் குடித்த மனிதர் அதற்குத் தேர்ந்தெடுத்தது மூங்கிலை! நம் ஊரில் சாரம் கட்டும் கொத்தனாரைக் கேட்டால் ஏன் என்று சொல்வார். உள்ளே கூடு, வெளியே கெட்டி, நடுநடுவே கணு. இயற்கையே செய்து கொடுத்த குழாய் அது.

ஸ்லோகமுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. சுக்கானைக் கட்டி வைத்துவிட்டால் 'ஸ்ப்ரே' தானாகவே நேராக ஓடும். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவு வரை 2,700 மைல், 23 நாள். அவர் சுக்கானைப் பிடித்தது எல்லாமாகச் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை!

எல்லாப் படகும் ஸ்ப்ரே ஆகிவிடுமா? ஆகாது. பின்காற்றில் சுக்கானை விட்டுவிட்டால் மற்ற படகுகள் மூக்கைத் திருப்பிக்கொண்டுவிடும். தனி ஆள் எத்தனை நாள்தான் கண்விழித்துச் சுக்கான் பிடிப்பது? மனிதன் தூங்க வேண்டாமா? தனியாகக் கடல் கடக்க நினைத்தவர்களின் பெரிய எதிரி புயல் இல்லை. தூக்கம்தான்.

இங்கேதான் முட்டுக் கம்பு இரண்டாவது அவதாரம் எடுக்கிறது. 1930-ல் அயர்லாந்தைச் சேர்ந்த ஓட்வே வாலர் என்பவர் 'இமோஜன்' என்ற சின்னப் படகில் கேனரி தீவுகளுக்குப் போனார். ஒன்றுக்கு இரண்டாகப் பாய், இரண்டு பக்கமும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பு. பறவை சிறகு விரித்த மாதிரி. கம்புகளின் நுனியிலிருந்து கயிற்றைப் பின்னால் கொண்டுவந்து சுக்கான் பிடியில் கட்டிவிட்டார். படகு வழி விலகினால் ஒரு பக்கத்துப் பாயில் காற்று கூடும். அந்தப் பக்கத்துக் கயிறு இழுபடும். சுக்கான் திரும்பும். படகு பழைய வழிக்கே வந்துவிடும். கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம், ஆளும் வேண்டாம்!

1933-ல் பிரெஞ்சு ஓவியர் மரின்-மரி, 'வின்னிபெல்' என்ற 11 மீட்டர் படகில் இதே மாதிரி இரட்டைப் பாய்களோடு தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். நடுக்கடலில் படகு தானாக ஓட, மனிதர் சமைத்தார், படித்தார், தூங்கினார். இரண்டு கம்புகள் ஒரு மனிதனைத் தூங்க வைத்தன. 1960-களில் காற்றாடித் தகடு வைத்துச் சுக்கானைத் திருப்பும் கருவி பரவும்வரை, தனியாகக் கடல் கடந்த பலருக்கு இந்த இரட்டைக் கம்புதான் துணை மாலுமி.

ஒரு சின்ன விஷயம். பந்தய விதிகள் இரட்டைக் கம்பை ஒத்துக்கொள்வதில்லை. ஒரு நேரத்தில் ஒரு கம்புதான். பாயை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றும் அந்த நிமிடத்துக்கு மட்டும்தான் விலக்கு. பந்தயக்காரனுக்கு ஒரு நியாயம், தூங்க வேண்டியவனுக்கு ஒரு நியாயம்.

இப்போது ஒரு கற்பனை. உங்களிடம் 20 அடிப் படகு ஒன்று இருக்கிறது. முட்டுக் கம்பு ஒன்று செய்ய வேண்டும். எப்படிச் செய்வீர்கள்?

முதலில் நீளம். பாய்மரத்தின் முன்பக்கத்திலிருந்து, அதை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பிவடம் படகைத் தொடும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். எட்டடி வந்தால் கம்பும் எட்டடி. பொதுவான கணக்கு இதுதான். நீளம் கூடினால் பக்கம் மாற்றும்போது கம்பிவடத்தில் இடிக்கும், போதாததற்குக் கம்பும் வளையும். குறைந்தால் பாய் விரியாது.

அடுத்து, கம்பு எந்த விதத்தில் உடையும் என்று யோசிக்க வேண்டும். காற்று பாயை முன்னால் இழுக்கிறது. கயிறு அதைப் பின்னால் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கம்பு, நீளவாக்கில் பாய்மரத்தோடு சேர்த்து நசுக்கப்படுகிறது. ஒரு செய்தித்தாளை நிமிர்த்தி வைத்துத் தலையில் அழுத்துங்கள், மடங்கிவிடும். அதையே குழாயாகச் சுருட்டி அழுத்துங்கள், தாங்கும். அதே காகிதம்தான், அதே எடைதான். அதனால்தான் முட்டுக் கம்பு பெரும்பாலும் குழாய். மடங்கினால் நடுவில்தான் மடங்கும். ஆகவே நடுவில் ஓட்டை போடக் கூடாது.

எதில் செய்வது? மூங்கில் மலிவு. ஆனால் வெயிலில் வெடிக்கும். கணுவுக்குக் கணு கயிறு சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். மரம் என்றால் ஸ்ப்ரூஸ் என்ற இலேசான ஊசியிலை மரம். எட்டுச் சட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் குருவி அலகு மாதிரி பள்ளம் இழைத்து, ஒன்றுக்குள் ஒன்று கவ்வும்படி வட்டமாக ஒட்டுவார்கள். உள்ளே கூடான மரக்குழாய் தயார். பொறுமையுள்ள தச்சருக்கு அழகான வேலை.

அப்புறம் அலுமினியம் வந்தது. 1930-ல் 'என்டர்பிரைஸ்' என்ற பந்தயப் படகு டியூராலுமின் தகடுகளை ஆயிரக்கணக்கான ரிவெட்டால் இணைத்துப் பாய்மரமே செய்துகொண்டது. உலகப் போருக்குப் பிறகு அலுமினியக் குழாய் மலிந்தது. சின்னப் படகுகளின் கம்பு பெரும்பாலும் அலுமினியம் ஆகிவிட்டது. ஒரே எச்சரிக்கை: எவர்சில்வர் ரிவெட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் நேருக்கு நேர் தொட்டால் அலுமினியம் அரிக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பொடிப்பொடி. நடுவில் பிளாஸ்டிக்கோ பசையோ வைக்க வேண்டும்.

கடைசியாக கார்பன் ஃபைபர். பாதி எடை. விலை மட்டும் மயக்கம் வரவைக்கும். சில கைவேலைக்காரர்கள் கழித்துப் போட்ட விண்ட்சர்ஃபிங் பலகையின் பாய்மரத்தை வெட்டிக் கம்பாக்கிக்கொள்வார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அலுமினியம் மடங்கும், கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் 'படக்' என்று முறியும். மடங்கிய அலுமினியத்துக்குள் ஒரு கட்டையைச் செருகி, மேலே கட்டுப் போட்டு அன்றைக்கே ஒப்பேற்றலாம். முறிந்து சிலும்பாகிப்போன கார்பனை நடுக்கடலில் ஒட்டுவது சுலபம் இல்லை.

'இலேசானதா, விலை மலிவானதா என்று பார்த்தால் போதாதா? இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பீர்கள். அதற்குப் பதில், நாம் ஆரம்பத்தில் விட்டுவிட்டு வந்த அந்தப் புயலில் இருக்கிறது.

அது கோல்டன் குளோப் பந்தயம். 1968-69-ல் நடந்த பழைய பந்தயத்தின் ஐம்பதாவது ஆண்டு நினைவாக நடத்தப்பட்டது. பழைய பந்தயத்தில் ஒன்பது பேர் கிளம்பி ஒருத்தர்தான் முடித்தார். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 'சுஹைலி' நம் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய படகு. டோமியின் துரியா அதே சுஹைலியின் வடிவத்தில் கோவாவில் கட்டியது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய டெக்னாலஜிதான் உபயோகிக்க வேண்டும் என்பது விதி. ஜி.பி.எஸ். கிடையாது. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த விதியின்படி கட்டிய படகில்தான் மெகுக்கினின் முட்டுக் கம்பு இருந்தது. பாய்மரம் போன பிறகு படகில் மிஞ்சும் நீளமான, நேரான, அமுக்கத்தைத் தாங்கும் பொருள் என்ன? அது ஒன்றுதான்! படுத்துக் கிடந்த கம்பை நிமிர்த்தி வைத்தால் குட்டிப் பாய்மரம். ஆடுகிற மேல்தளத்தில், தனி ஆளாக, நாலு பக்கமும் கயிறு கட்டி அதை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். வேகம்? ஒரு மனிதன் நடக்கிற வேகத்துக்கும் குறைவு. ஆனாலும் கிளம்பினார்.

அவர் போய்ச் சேரவில்லை. சேர வேண்டிய அவசியம் வரவில்லை. இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து துரியாவைக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 24 அன்று 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் டோமியைத் தூக்கிக்கொண்டது. பிறகு மெகுக்கினையும் ஏற்றிக்கொண்டது. டோமியின் முதுகெலும்பில் டைட்டானியம் கம்பிகள் வைத்துத் தைத்தார்கள். மனிதர் விடவில்லை. 2022-ல் அதே பந்தயத்தில் மறுபடியும் கிளம்பி, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்து சேர்ந்தார்!

மெகுக்கின் கம்பால் டோமி பிழைக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். ஆனால் அந்த மூன்று நாளில், விமானமும் கப்பலும் வந்து சேரும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லாத நேரத்தில், அசைய முடியாமல் கிடந்த ஒரு மனிதனை நோக்கி இன்னொரு மனிதன் நகர்ந்துகொண்டிருந்தான். அவனை நகர வைத்தது, பின்காற்றுக்கு முட்டுக் கொடுக்கச் செய்த ஒரு கம்பு.

அதனால்தான் நெடுந்தூரம் போகும் படகோட்டிகள் இந்தக் கம்பை வாங்கும்போது ஒரு சுற்று கனமாக, எளிமையாக, கையாலேயே பழுது பார்க்கக்கூடியதாகப் பார்த்து வாங்குகிறார்கள். பின்காற்றுக்கு இவ்வளவு தேவையில்லைதான். அவர்கள் பின்காற்றை மட்டும் நினைத்து வாங்குவதில்லை. எல்லாம் முறிந்துபோகிற ஒரு நாளையும் நினைத்து வாங்குகிறார்கள்.

அடுத்த தடவை மொட்டை மாடிக்குப் போனால், கொடிக்கயிற்றுக்கு அடியில் பேசாமல் நிற்கும் அந்தக் கவட்டைக் கம்பைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள்.